பதினோராம் பக்கத்தில் ஒரு பெயர்

என் அக்காவின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அதைச் சொல்லாமலே நாற்பத்து நான்கு வருடம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். இன்னொன்று அதைவிடக் கேவலமானது. காட்டிக் கொடுத்தவள் என்ற பழி வேறொரு பெண்ணின் தலையில் விழுந்தது. விழுவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். எனக்கு இப்போது எழுபது வயது. இரண்டு மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பரபரப்பு இந்த வயதுக்குப் பொருந்தாதது. போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், வீட்டில் ஏதாவது கல்யாணமா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தியாகராய நகரில் இருந்த அந்தப் புடவைக் கடையை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது ஆளுயரத்துக்கு விரித்துப் பிடித்த ஓர் அரக்கு நிறப் பட்டுப்புடவை. அதைப் பிடித்திருக்கும் கைகள் மட்டும் மேலே தெரியும். வாடிக்கையாளர் முந்தானையின் ஜரிகையைப் பார்ப்பார். அந்தப் புடவைக்குப் பின்னால், கவுண்டருக்கு அடியில் கிடக்கும் சாக்குப் பொதியின் மேல் இன்னொரு பெண் உட்கார்ந்திருப்பாள். இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று நிமிடம். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டிய வேலையில் அவர்களே கண்டுபிடித்துக்கொண்ட ஓய்வு அது. பழைய கடையில் இந்தத் தொல்லை இல்லை. வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் விற்பவரும் வாங்குபவரும் முதலாளியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வியாபாரம் நடந்தது. நான்கு மாடிக் கட்டடம் எழும்பி, குளிர்சாதனமும் லிப்டும் வந்தபோது கவுண்டர்களும் வந்தன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். முதலாளியின் அறையில் மட்டும் நாற்காலி இருந்தது. "கடையில நிக்கிறவ உக்காந்தா லட்சுமி எழுந்து போயிடுவா" என்பார் அவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தோளில் துணி மூட்டை சுமந்து வீடு வீடாக விற்று மேலே வந்தவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம்.

ஒவ்வொரு கவுண்டருக்கும் இரண்டு பெண்கள். அதற்குக் கடையில் ஜோடி என்று பெயர். என் அக்காவின் ஜோடி அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்தவள், அக்காவைவிட இரண்டு வயது இளையவள், ஐந்து வயதில் ஒரு மகன், கணவன் விட்டுப் போயிருந்தான். புடவையை விரித்துப் பிடிக்கும் அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் இருவரும்தான். ஒரே மாதத்தில் அது தரைத்தளம் முழுவதும் பரவிவிட்டது. அதை அக்கா எங்கள் ராயப்பேட்டை வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்ன அன்று அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"மேனேஜரு வந்தா மீட்டர் கோல்ல ரெண்டு தட்டு நைனா. உடனே எழுந்துக்குவோம். கஸ்டமரு அந்தப் பச்சைய காட்டுன்னா, இவ எழுந்து காட்டுவா, நான் குந்திக்குவேன்."

"அடிப்பாவிங்களா. நாங்க பிரஸ்ல முப்பது வருசமா கொடி புடிச்சி வாங்காத பெஞ்சை ரெண்டு பொண்ணுங்க ஒரு பொடவைய வச்சே வாங்கிட்டீங்களே."

அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர், சங்கத்தில் இருந்தவர். உலகம் ஒரு நாள் தொழிலாளிகள் கைக்கு வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. எனக்கு இருந்தது. அப்பாவின் சோஷலிசம் எனக்குத் தெரிந்தவரையில் ரேஷன் கடை வரிசையாகத்தான் இருந்தது. விடியற்காலையில் எங்கள் இடத்துக்கு அடையாளமாக ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வருவதும், பாமாயில் தீர்ந்துவிட்டது என்ற பலகையைப் படித்துவிட்டுத் திரும்புவதும் என் சிறுவயது வேலை. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்தேன். "என் தம்பி இங்கிலீசுல கணக்கு எழுதுவான் அண்ணாச்சி" என்று அக்கா போய் நின்றுதான் எனக்கு அந்தக் கடையில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. உள்ளே நுழைந்த முதல் நாள் எனக்கு ஏற்பட்ட கிறுகிறுப்பை இப்போதும் உணர முடிகிறது. ஆயிரம் புடவை, எதற்கும் கார்டு வேண்டாம், எதற்கும் செங்கல் வைக்க வேண்டாம். கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள். இதுதான் நாடு போக வேண்டிய வழி என்று இரவெல்லாம் அப்பாவோடு வாதாடினேன். "கேட்டா எடுத்துப் போடுறது யாருடா? உங்கக்காதானே?" என்பார் அவர். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஏராளமான பதில்கள் இருந்தன.

தீபாவளிக்கு முந்தைய வாரம். பெண்கள் கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் கேட்டார்கள். ஒரே ஒரு ஸ்டூல். ஜோடியில் யாராவது ஒருத்தி மாறி மாறி உட்காரலாம். அண்ணாச்சி லட்சுமியைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு மேல் அவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்பது, அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அன்று சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே குரலைத் தணித்துச் சொன்னாள்:

"டேய், நாளைக்குப் பதினோரு மணிக்கு நீ மூணாவது மாடிக்குப் போயிடு. கீழ எல்லாரும் அப்படியே தரையில குந்திடப் போறோம். ஸ்டூல் வர்ற வரைக்கும் எழுந்துக்க மாட்டோம். நீ எதிர்ல நின்னா உனக்குத்தான் வம்பு, பெரியவங்க பக்கமும் பேச முடியாது, எங்க பக்கமும் பேச முடியாது."

என்னைக் காப்பாற்றத்தான் அவள் சொன்னாள். அன்று இரவு நான் தூங்கினேனா, துடித்தேனா என்றெல்லாம் எழுதி என்னை நல்லவனாக்கிக்கொள்ள விரும்பவில்லை. நன்றாகவே தூங்கினேன். காலையில் அண்ணாச்சி லட்சுமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். சீசன் நேரத்தில் கடை நின்றால் எல்லோருக்கும் போனஸ் போகும், கடை நன்றாக இருந்தால்தான் தொழிலாளி நன்றாக இருப்பான் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதியை நம்பவும் செய்தேன். மீதிப் பாதி, அவர் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. சாக்குப் பொதி விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை; நானாகத்தான் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "யாருக்கும் தெரியாது, போ" என்றார். பத்தரை மணிக்கெல்லாம் பொதிகள் எல்லாம் அகற்றப்பட்டன. மேல் மாடிகளில் இருந்த ஆண்கள் தரைத்தளக் கவுண்டர்களுக்கு வந்தார்கள். பெண்கள் சரக்கு எண்ண வேண்டும் என்று கிடங்குக்கு அனுப்பப்பட்டார்கள். பதினோரு மணிக்கு நான் அக்கா சொன்னபடியே மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் அக்காவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தீபாவளிக்குப் பிறகு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அக்காவின் ஜோடிக்குச் சொல்லப்படவில்லை. அவள் முந்தின நாள் அண்ணாச்சியின் அறைக்குப் போய்வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். மகனைப் பள்ளியில் சேர்க்க ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கத்தான் போனாள். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவனே நான்.

கிடங்கின் கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டது இது.

"உன் தம்பி சொல்லியிருப்பானோ?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள்.

"என் தம்பியா? அவன் மேல அடிச்சி சத்தியம் பண்றேன், அவன் சொல்ல மாட்டான். மூணாவது மாடிக்குப் போயிடுன்னேன், பாவம், போய் நின்னுக்கினு இருந்தான்" என்றாள் அக்கா. பிறகு, "இவதான்" என்றாள்.

"யக்கா, நான் புள்ளைக்கு லெட்டரு கேக்கப் போனேன். வேற இன்னா? யக்கா, என்னைப் பாரு" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காட்டிக் கொடுத்தவன் டீக்கடைக்கு வந்தால் எல்லோரும் தங்கள் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவார்கள். திட்ட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், இது மட்டும்தான். அப்பா அதை அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார், அக்கா கடையில் மிஞ்சியிருந்த பெண்களுக்குச் சொல்லியனுப்பினாள். அதன்பின் ஆறு மாதம் மதியச் சாப்பாட்டு இடத்தில் நடந்ததை நான் தினமும் பார்த்தேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் சுற்றியிருந்த பதினைந்து மூடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொள்ளும். அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள். பிறகு படிக்கட்டில் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். பிறகு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் சாயங்காலம் அப்பா டீ போட்டால் முதல் கிளாஸ் எனக்கு வரும். பொங்கலுக்கு எனக்குப் பதவி உயர்வு வந்தது. முன்பக்கம் கண்ணாடி வைத்த கவுண்டர்களைத் தருவித்தவன் நான்தான். இனி யாரும் ஒளிந்து உட்கார முடியாது.

அப்பா அதே நம்பிக்கையோடு போய்ச் சேர்ந்தார். அக்கா மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரக் கணக்கு பார்த்தாள், அப்பளம் இட்டாள், கல்யாணம் செய்துகொண்டாள், கணவனை இழந்தாள், கோட்டூர்புரத்தில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புக்கு வந்தாள். நான் மேனேஜராக ஓய்வு பெற்றேன். என் மகனை என் கொள்கையிலேயே வளர்த்தேன். திறமை இருப்பவன் பிழைப்பான் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தத்துவம் கிடையாது. அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள், அவள் எப்படியோ என் அப்பாவாக வந்து சேர்ந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. "எங்க ஆபீஸ்ல சோபா, ஊஞ்சல் எல்லாம் இருக்கு தாத்தா. உக்காரத்தான் நேரமில்ல" என்பாள். அவளும் அவள் கூட்டாளிகளும் கோட்டூர்புரம் நூலகத்தின் பக்கத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்கள். நானும் அப்பாவும் அலறி அலறிப் பேசியதையெல்லாம் அவர்கள் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த கதையைப் பேச ஆரம்பித்தவர்கள், அந்தக் காலத்தில் நின்றவர்கள் சொல்வதையெல்லாம் தொகுத்து ஒரு சிறு புத்தகம் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பேத்தி நேரே என் அக்காவைக் கூட்டிப் போய் மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டாள். எழுபத்து நான்கு வயதில் அக்கா பேசிய பேச்சை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். புடவையை விரித்துப் பிடித்ததை எழுந்து நின்று துப்பட்டா ஒன்றை வாங்கி நடித்தே காட்டினாள். அறை அதிர்ந்தது. நானும் கைதட்டினேன்; என்னையறியாமல் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் சொன்னாள்: "எல்லாம் சரியாத்தான் போட்டோம். எங்களுக்குள்ளயே ஒருத்தி காட்டிக் குடுத்துட்டா." பெயரையும் சொன்னாள்.

மறுநாள் காலை பேத்தி தட்டச்சு செய்த தாள்களை என்னிடம் கொடுத்தாள். பிழை திருத்த வீட்டில் என்னை விட்டால் யாரும் கிடையாது. பதினோராம் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது. அச்சானால் அது அவள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். முன்பு நான் வாய் திறக்காமல் இருந்ததற்காவது பயம், பதவி என்று காரணங்கள் இருந்தன. இப்போது பேனாவும் என் கையிலேயே இருந்தது. அந்தப் பெயரை அடித்துவிட்டு மேலே என் பெயரை எழுதினேன். எழுதியதும் தாள்களைப் பேத்தியிடம் நீட்டினேன்.

பேத்தி வாங்கிப் பார்த்தாள். "என்ன தாத்தா, வரி மாறி எழுதிட்டீங்க."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அவள் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தப்பாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே" என்றாள். ஆட்டோவை அவளே பிடித்தாள்.

அக்கா அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். பாதியில் அவள் கை நின்றது, பிறகு மறுபடி ஆய ஆரம்பித்தது. முடித்ததும் அவள் என்னிடம் பேசவில்லை. பேத்தியிடம் பேசினாள்.

"ஆத்தோரத்துல இருந்தப்போ அவ இங்கதான் கூப்புடு தூரத்துல இருந்தா. ரேசன் கடையில ஒருக்கா எனக்கு முன்னாடி நின்னா. திரும்பிப் பாத்து, 'யக்கா'ன்னா. நான் சக்கரை கூட வாங்காம வந்துட்டேன். அவள எங்கயோ கொண்டுபோய் போட்டுட்டாங்க கண்ணு. எங்க கீறான்னு கேளு."

தெருமுனையில் துணி தேய்ப்பவரின் தம்பி குடும்பமும் அப்படித்தான், குடிசைகளை அகற்றியபோது ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டது. அவர் மூலம் நான்கு நாளில் விலாசம் கிடைத்தது. அக்கா என்னை வரச் சொல்லவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. பேருந்தில் அக்காவும் பேத்தியும் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் பின்னால். வரிசை வரிசையாக ஒரே மாதிரியான அடுக்குமாடிகள். அதில் ஒன்றின் தரைத்தளத்தில் இட்லிக் கடை. இரண்டு பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். கல்லாவில் அவள். அக்காவைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"இன்னா யக்கா, வழி தப்பி வந்துட்டியா?"

"நான்தான் தப்பு" என்றாள் அக்கா. என்னைக் கை காட்டினாள். அந்தக் கடையில், வெங்காய நெடியில், நான் இரண்டாவது முறையாகச் சொன்னேன். முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள்.

"சூப்ரவைசரா? நான் அண்ணாச்சிக்கே யாரோ ஜோசியம் சொன்னாங்கன்னு நெனச்சினு இருந்தேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "உனக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிலேர்ந்து சங்கம்னா எனக்கு ஆவாது. கொடி புடிக்கிறவன் எவனப் பாத்தாலும் பதினஞ்சி டிபன் பாக்ஸு மூடுற சத்தந்தான் கேக்கும். எம் பையன எதுலயும் சேர விடல. வண்டில சாப்பாடு எடுத்துக்கினு போறான், அம்பது வயசு ஆவப்போவுது. அவன் கூட ஓட்றவங்க சங்கம் வச்சிக்கிறாங்களாம். கூப்புடுறாங்க. போனா இந்த வீட்டுக்குள்ள வராதேன்னு சொல்லி வச்சிருக்கேன். காச நம்பு, ஆள நம்பாதேன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அவன் சாய்ந்தரம் வருவான். நீ இருந்து அவன்கிட்ட சொல்லிட்டுப் போ. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

இருந்தேன். மூன்று மணி நேரம். அக்காவும் அவளும் அந்தப் புடவைக் கடையில் இருந்த ஒவ்வொருத்தியையும் பற்றிப் பேசினார்கள், யார் செத்தார்கள், யார் யாருடைய சம்பந்தி ஆனார்கள் என்று. மாலையில் அந்த மகன் முதுகில் பெரிய பையோடு வந்தான். நான் டைப் அடித்த கடிதத்தால் பள்ளிக்குப் போனவன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று கேட்டான். நடுவில் அவன் போன் இரண்டு முறை அடித்தது, இரண்டு முறையும் எடுக்கவில்லை.

"அப்போ எங்கம்மா சொன்னது உண்மைதானா? லெட்டருக்குத்தான் போச்சா?"

"உண்மைதான்."

"எனக்கே ஒரு டவுட்டு இருந்துச்சு சார். கேட்டதில்ல" என்றான் அவன். அவன் அம்மா அவனை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. போன் மறுபடி அடித்தது. அவன் அதை அணைத்துவிட்டு உள்ளே போய்த் தட்டு எடுத்து வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில், அம்மாவை ஒட்டி உட்கார்ந்தான்.

புத்தகம் வந்துவிட்டது. பதினோராம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. என் மகன் படித்துவிட்டு, இதையெல்லாம் இப்போது கிளற வேண்டுமா அப்பா என்று கேட்டான். அவனுக்குப் புரிய வைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். அவனை அப்படி வளர்த்தவனும் நான்தான் என்பதால் பொறுமையாகவே முயல்கிறேன். இட்லிக் கடைக்காரியின் மகன் சங்கத்தில் சேர்ந்தானா என்று நான் கேட்கவில்லை. ஆனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்ன அறையில் கடைசி வரிசையில் அவனைப் பார்த்ததாகப் பேத்தி சொன்னாள். அக்கா இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன ஞாயிறு எதிரே வந்தவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் அதை மாற்ற முயலவில்லை.

ஆனால் பழி சுமந்தவள் பேசுகிறாள். என் எண்ணைப் பேத்தியிடம் வாங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு முறை, கடை வேலை ஓய்ந்த நேரத்தில் கூப்பிடுகிறாள். போன் அடித்தால் நான் குளியலறையிலிருந்துகூட ஓடி வருகிறேன். நேற்றும் வந்தது.

"இன்னா காட்டிக் குடுத்த சூப்ரவைசரே, துன்னியா?"

சாப்பிட்டேன் என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் அவளிடம், "பேசினது போதும், வச்சிட்டு வா, காபி ஆறிப்போவுது" என்றது. அது என் அக்காவின் குரல். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவள் வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.